முதலில் காற்று, அப்புறம் ரீசெட்

கோயம்புத்தூர்
ஏப்ரல் 12

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கருப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது பழைய வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. இங்கே மகள் பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். மற்றபடி எல்லோரும் சுகம்.

உடனே எழுத உட்கார்ந்தது உன் காருக்காக. டாஷ்போர்டில் டயரில் காற்று குறைந்தால் வரும் மஞ்சள் விளக்கு எரிந்தது, ரீசெட் பட்டனை அமுக்கினேன், அணைந்தது, இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது, சென்சார் போயிருக்கும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அதே வண்டியில் மே மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலி போகப்போவதாக அடுத்த பத்தியில் எழுதுகிறாய். கத்திரி வெயிலில் 600 கிலோமீட்டர். எனக்கு மனசு கேட்கவில்லை.

ரீசெட் பட்டன் இருக்கிறது என்றால், பெரும்பாலும் உன் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சப்பையாகிவிடும். அதனால் அதே தூரத்துக்கு மற்ற சக்கரங்களைவிடக் கூடுதலாகச் சுற்றும். ஏபிஎஸ்-க்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) சக்கரத்தருகே வைத்திருக்கும் சென்சாரைக் கொண்டே வண்டி அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது. ரீசெட் அமுக்கினால், 'இப்போது இருக்கும் அளவுதான் சரி' என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நீ காற்றே அடிக்காமல் அமுக்கியிருக்கிறாய். குறைந்த காற்றைச் சரியான காற்று என்று நம்பிய வண்டி மறுபடி விளக்கைப் போடுகிறது என்றால், ஏதோ ஒரு டயர் அதற்கும் கீழே இறங்கியிருக்கிறது. சென்சார் போகவில்லை செல்வம், காற்றுதான் போய்க்கொண்டிருக்கிறது. கெட்டது சென்சார் என்றால் பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம் போலக் கண் சிமிட்டிவிட்டு அப்புறம்தான் நிலையாக எரியும்.

எனக்கும் போன டிசம்பரில் இதே மாதிரி நடந்தது. காலையில் எரியும், வண்டி சூடான பிறகு அணைந்துவிடும். காட்டிய கடையில் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துக்கூடப் பார்க்காமல் நான்கு சென்சாரையும் மாற்றச் சொன்னார்கள். என் வண்டி டயருக்குள்ளேயே சென்சார் இருக்கும் வகை, செலவு கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கேஜ் வாங்கி, மறுநாள் விடிகாலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்தேன். மூன்று டயரில் 31, 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). இடது பின் டயரில் 24. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருந்தது 33. கால் பங்கு குறைந்தால் விளக்கு வரும் என்ற கணக்குக்கு மிகச் சரியாக இருந்தது. (டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண்ணைப் பார்த்து அடித்துவிடாதே. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.)

காற்று அடித்து நான்கு நாள் கழித்துப் பார்த்தால் 29. அப்புறம் சோப்புத் தண்ணீரைக் கலக்கி டயர் முழுக்க ஊற்றினேன். ஆணி கீணி எதுவும் இல்லை. வால்வின் வாயில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டே இருந்தது. வால்வுக்குள் இருக்கும் 'பின்' என்கிற சின்ன ஊசி பழுது. பஞ்சர் கடை அண்ணன் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை அந்த விளக்கு வரவில்லை.

குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும், உள்ளுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1990களில் ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன, பலர் இறந்தார்கள். ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி 2000ஆம் ஆண்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த சட்டத்தால்தான் 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதுக் கார்களில் இந்த விளக்கு கட்டாயமானது. அத்தனை உயிர் போன பிறகு வந்த விளக்கு இது. பட்டனை அமுக்கி அதை அணைக்க வேண்டாம்.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி இராத்திரி முழுக்க நின்ற பிறகு, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் அள. பங்க்குக்கு ஓட்டிப் போய் அளந்தால் டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதே. ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்த பிறகு ரீசெட் அமுக்கு. வீட்டில் எல்லோரும் ஏறி, சாமானும் ஏற்றிப் போகும் பயணம் என்பதால், அதே ஸ்டிக்கரில் முழு லோடுக்குத் தனியாகக் கொடுத்திருக்கும் அளவையும் பார். நான்கு நாள் கழித்து மறுபடி அள. எது இறங்கியிருக்கிறதோ அதற்குச் சோப்புத் தண்ணீர்.

இரண்டு தடவை அளந்த எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அதைப் பார்க்காமல் நீ கிளம்புவதில் எனக்குச் சம்மதமில்லை. ஊருக்குப் போனதும் தாமிரபரணியில் என் பங்குக்கும் ஒரு முங்கு போடு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்