மோதிர அளவு அனுப்பு கண்ணு

கண்ணு,

போன்ல அப்போ பதில் வரல, அதான் ஒக்காந்து டைப் பண்றேன். “அப்பா, கோயமுத்தூர் பத்தர் டப்ளின்ல ஒக்காந்து செல்டிக் நகை பண்றது அடுத்தவங்க சொத்தை காப்பி அடிக்கறது இல்லீங்களா”ன்னு கேட்டே. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டே, ஆனா பொடி வச்சு கேட்டே, பத்தர் பொண்ணாச்சே.

அயர்லாந்துக்கு வந்த புதுசுல எனக்கும் அந்த நெனப்புதான். இங்க 22 கேரட் கேக்கறவங்க ரொம்ப கம்மி, 9, 14ன்னுதான் கேப்பாங்க, 9ன்னா ஆயிரத்துல 375 பங்குதான் தங்கம், 916லயே வளந்த கைக்கு அது ஏதோ பித்தளையத் தட்டற மாதிரி இருந்துச்சு. ஆனா கெல்ட்டுங்கற பழைய ஜனங்க பேர்ல செல்டிக்னு சொல்ற அந்த முடிச்சு டிசைன் மட்டும் கைக்கு சட்டுனு புடிபட்டுருச்சு. வேறென்ன, உன்ற அப்பத்தா வாசல்ல போட்ட சிக்குக் கோலம்தான், எங்க ஆரம்பிக்குதோ அங்கயே வந்து சேரும். ஒரே வித்தியாசம், கோலத்துல கோடு கோட்டை வெட்டிக்கிட்டு போயிரும், இங்க ஒரு வெட்டுல மேல போனா அடுத்த வெட்டுல கீழ போகணும், மறுபடி மேல, சுத்தி முடியற வரைக்கும் அப்படியே. மெழுகுல மாடல் செதுக்கறப்போ ஒரே ஒரு எடத்துல மாத்தி போட்டுட்டேன், கவனிக்கல, கேஸ்டிங் ஆகி பாலிஷும் ஆயிருச்சு, பட்டறையில இருக்கற ஐரிஷ் பெருசு ஒருத்தர் கண்ணாடி கூட போடாம விரல வச்சு காட்டுனாரு பாரு. 12 பீஸ். அத்தனையும் உருக்கினோம். ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு.

அப்பறம்தான் லீவுன்னா கில்டேர் ஸ்ட்ரீட் மியூசியத்துக்கு போக ஆரம்பிச்சேன், டிக்கெட் கெடையாது. அங்க தாரா ப்ரோச்னு, துணியில குத்திக்கற ஊக்கு நகை ஒண்ணு இருக்குது, கி.பி. 700 வாக்குல செஞ்சது, வெள்ளியில வார்த்து தங்க முலாம் பூசி, நகக்கண் அளவு கட்டத்துக்குள்ள தங்கக் கம்பிவேலை, அம்பர்ங்கற கல்லாப் போன மரப்பிசின், கண்ணாடி. கம்பிய சால்டர் வச்சு ஒட்டறப்போ ஒரு நொடி சூடு கூடிச்சுன்னா மொத்தமும் உருகி உருண்டையாயிரும், கேஸ் டார்ச் வச்சுக்கிட்டே நான் தடுமாறறேன், அந்த ஆளுகிட்ட கரி நெருப்ப விட்டா என்ன இருந்திருக்கும்! துணியோட ஒட்டி மறையற பின்பக்கத்துலயும் சுருள் சுருளா வேலை. நின்னுக்கிட்டே இருந்தேன், செக்யூரிட்டி வந்து ஒரு மாதிரி பாத்தாரு.

இதுல கூத்து என்னன்னா அதுக்கும் தாரா மலைக்கும் சம்பந்தமே இல்ல. 1850ல பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கெடைச்சது, வாங்குன டப்ளின் நகைக்கடைக்காரர் வாட்டர்ஹவுஸ், ராஜாக்கள் மலை பேர வச்சா விக்கும்னு வச்சுட்டாரு, காப்பி பண்ணியும் வித்தாரு. நம்ம ஊர்ல டெம்பிள் ஜுவல்லரின்னு போர்டு மாட்டற மாதிரிதான். மூணு சுருள் சேந்த டிசைன செல்டிக்னு விக்கறோமே, இங்க இருக்கற நியூகிரேஞ்ச்ங்கற பழைய கல்லறையில அத செதுக்கி 5,000 வருஷம் தாண்டியாச்சு, செல்டிக்னு ஒண்ணு வர்றதுக்கு ரொம்ப முந்தி. க்ளாடா மோதிரம் தெரியும்ல, ரெண்டு கை, நடுவுல இதயம், மேல கிரீடம்? கால்வே ஊர் ரிச்சர்ட் ஜாய்ஸை கடல்கொள்ளைக்காரங்க புடிச்சு அல்ஜியர்ஸ்ல வித்தாங்களாம், ஒரு முஸ்லிம் தட்டான்கிட்ட அடிமையா இருந்து தொழில் கத்துக்கிட்டு, 1689ல விடுதலையாகி ஊருக்கு வந்து செஞ்சதும்பாங்க. கதைதான், ஆனா அத சொல்லித்தான் இங்க எல்லாரும் விக்கறாங்க. வெளியூர்க்காரன்கிட்ட கத்த கை அது, இப்போ யாரோடது சொல்லு?

ஒரு விஷயத்துல நீ சொன்னது சரி. டப்பாக்குள்ள ஒரு கார்டு வப்பாங்க, இந்த முடிச்சுன்னா நித்திய காதல், அந்த முடிச்சுன்னா தைரியம்னு, அதெல்லாம் பிற்காலத்து கதை, பழைய ஆளுங்க ஒண்ணும் எழுதி வச்சுட்டு போகல. என்ற டப்பாவுல அந்த கார்டு இருக்காது.

என்ற டப்பான்னு ஏன் சொன்னேன்னா, இத்தன வருஷமா நான் செஞ்சது எல்லாத்துலயும் செஞ்ச ஆளோட அடையாளமா இருந்தது முதலாளி மார்க்தான். இங்க ஹால்மார்க் பாக்கறது 1637லயே சாசனம் வாங்குன கோல்ட்ஸ்மித் கம்பெனி, போன மாசம் அவங்ககிட்ட என்ற பேர்ல தனி மார்க் பதிஞ்சுட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல, பணம் எவ்வளவு ஆச்சுன்னு கேப்பா.

அந்த மார்க்ல மொதல் பீஸ் உனக்கு, க்ளாடா மோதிரம், 22 கேரட்லயே. நூல விரல்ல சுத்தி வெட்டி ஸ்கேல்ல வச்சு போட்டோ அனுப்பு, சாயங்காலமா அளவெடு, காலையில விரல் சின்னதா இருக்கும். வலது கையில இதயத்தோட நுனி வெளிய பாத்தா ஆள் இல்லைன்னும் உள்ள பாத்தா ஆள் இருக்குன்னும் இங்க கணக்கு. நீ எப்படி போடறேன்னு நான் கேக்க மாட்டேன் சாமி, வீடியோ கால்ல பாத்துக்கறேன்.

அப்பா