பூனைக்கு நாய் மருந்து ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் வளர்ப்புப் பிராணிகளைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான குறிப்பு ஒன்றில், நாயையும் பூனையையும் வாரம் ஒரு முறை குளிப்பாட்டி உண்ணி மருந்து இட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. பூனையைப் பொறுத்தவரை அந்த வரியில் இரண்டு பிழைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று உயிருக்கே ஆபத்தானது.

முதலாவது, குளியல். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை தன் உடலை நக்கித் துடைப்பதிலேயே கழிக்கிறது. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்திருக்கும் முட்கள் சீப்பைப் போலவே வேலை செய்கின்றன. ஆகவே, நம் ஊர்க் குட்டைமுடிப் பூனைக்கு வாரம் ஓரிரு முறை பிரஷ்ஷால் வாரிவிடுவதே போதும். நீளமுடி கொண்ட பெர்சியன் பூனைக்குத்தான் நாள்தோறும் சீப்பு தேவை. இல்லாவிட்டால் காதின் பின்புறம், முன்னங்காலின் அக்குள், வயிறு ஆகிய இடங்களில் முடி சிக்குப்பிடித்துக் கட்டியாகிவிடும். அதைக் கத்தரிக்கோலால் வெட்ட முயன்றால், சிக்கோடு மேலெழும் மெல்லிய தோலும் சேர்ந்து அறுபடும்.

இரண்டாவது, நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்து என்பது போலச் சொன்னது. இதுவே நான் எழுதக் காரணம். சென்ற ஆண்டு எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தபோது, அருகிலிருந்த கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து சொட்டு மருந்துக் குழல் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்து, "பிடரியில் விடுங்கள்" என்றார். அன்று இரவே பூனையின் காதுகள் துடிக்கத் தொடங்கின. விடிவதற்குள் உடல் முழுவதும் நடுங்கி வலிப்பு கண்டது. அது நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நாயின் கல்லீரல் எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும் அந்த வேதிப்பொருளைப் பூனையின் கல்லீரலால் விரைவாக வெளியேற்ற இயலாது. தோல் வழியாக உட்புகுவது போதாதென்று, மேலே பட்டதையெல்லாம் பூனை நக்கி விழுங்கவும் செய்கிறது. (பினாயில் ஊற்றித் துடைத்த தரை காயும் முன்பே பூனை அதில் நடப்பதும் இவ்வகையில் தீங்கானதே, பல வீடுகளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.) நாயும் பூனையும் ஒன்றாக வளரும் வீட்டில், நாய்க்கு இம்மருந்து இட்டால் அது நன்றாக உலரும் வரை இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

பெட்டியோடு வாங்கியிருந்தால் மட்டும் நான் அறிந்திருப்பேனா என்றால், அதுவும் ஐயமே. எச்சரிக்கை இருந்தாலும் அது ஆங்கிலத்தில், கண்ணாடி அணிந்தும் படிக்க இயலாத எழுத்தில் இருக்கிறது. எனவே இத்தகைய மருந்துகளைப் பெட்டியின்றி உதிரியாக விற்பதை அரசு தடுக்க வேண்டும். "பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற வாசகம் தமிழில் பெரிதாக அச்சிடப்பட வேண்டும். 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, பூனை வளர்ப்போருக்கென ஒரு பக்கத் தமிழ்க் கையேடு வெளியிட்டுக் கடைகளில் ஒட்டச் செய்தால் பேருதவியாக இருக்கும்.

அதுவரை, தவறுதலாக நாய் மருந்து இட்டுவிட்டவர்கள் நடுக்கம் தொடங்கட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, மருந்தின் குழலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.