பழைய கருவிகளுக்குக் கேர்னலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்த பின்னர், கொழும்பிலுள்ள சிறு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நல்ல நிலையில் இயங்கும் கருவிகள்கூட, "இனி இதற்கு ட்ரைவர் இல்லை" என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கப்படுகின்றன. (ட்ரைவர் என்பது ஒரு கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள்.) அந்தக் காரணத்தைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் பராமரிக்கும் அச்சகமொன்றில், ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறை அட்டை வழியாகக் கணனியுடன் இணையும் பெரிய ஸ்கேனர் உண்டு. அந்த அட்டைக்குக் கிடைத்தது, பழைய 32 பிட் வகை இயங்குதளத்துக்கான ட்ரைவர் மட்டுமே. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வெளிவருகிறது. 64 பிட் கேர்னல் (கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) 32 பிட் ட்ரைவரை ஏற்றாது. ஸ்கேனரின் கண்ணாடியிலோ விளக்கிலோ எந்தக் குறையுமில்லை. அதே கணனியில் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை நிறுவியதும் அட்டை அடையாளம் காணப்பட்டது. ஏனெனில் அங்கே ட்ரைவரின் மூலநிரல் (மனிதர் எழுதிய நிரல் வடிவம்) கேர்னலுடனேயே இருப்பதால், அதை 64 பிட்டுக்கெனப் புதிதாகத் தொகுக்க முடிகிறது.

ஆயினும் ட்ரைவர் இருந்தால் மட்டும் போதாது. இத்தகைய அட்டைகள் டி.எம்.ஏ முறையில், புரொசசரின் கையை எதிர்பாராமல், நேரடியாக நினைவகத்தில் எழுதுபவை. ஐ.எஸ்.ஏ என்ற பழைய அட்டை இணைப்பின் காலத்து டி.எம்.ஏ முறைக்கு 24 பிட் முகவரியே உண்டு என்பதால் அது முதல் 16 மெகாபைட்டைத் தாண்டிச் செல்லாது. அதன்பின் வந்த பி.சி.ஐ இணைப்பில், 32 பிட் முகவரியுள்ள அட்டைகள் 4 ஜிகாபைட்டுடன் நின்றுவிடும். 16 ஜிகாபைட் நினைவகமுள்ள இன்றைய கணனியில் தரவு அந்த எல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டால், அட்டையால் அதைத் தொடவே இயலாது. இதற்காகவே லினக்ஸ், முதல் 16 மெகாபைட்டை ஒரு வலயமாகவும் 4 ஜிகாபைட் வரையுள்ள பகுதியை இன்னொரு வலயமாகவும் பிரித்து வைத்திருக்கிறது. தேவைப்படும்போது தரவைத் தாழ்ந்த முகவரியிலுள்ள இடைத்தங்கல் பகுதிக்குப் பிரதிசெய்து கொடுக்கிறது. இதனால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் கருவி வேலை செய்யும்.

இந்த ஏற்பாடு இலவசமானதன்று என்பதை மறுக்கவில்லை. பழையவற்றுள் சிலவற்றைக் கைவிட்டது சரியே. 2013இல் வெளியான லினக்ஸ் 3.8 பதிப்பு இன்டெல் 386 புரொசசரைக் கைவிட்டது. எழுதத் தடைசெய்யப்பட்ட நினைவகப் பக்கங்களில் கேர்னலே எழுதும்போது அந்தப் புரொசசர் தடுக்காததால், அக்குறையை ஈடுசெய்யும் சுமை நினைவக முகாமைத்துவத்தின் மையப்பகுதியிலேயே தங்கியிருந்தது. தனியொரு கருவியின் ட்ரைவரோ அப்படியன்று. அக்கருவி இல்லாத கணனியில் அது பெரும்பாலும் ஏற்றப்படுவதேயில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல.

ட்ரைவர்கள் பெரும்பாலும் அழிவது, அவற்றைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லாததால்தான். 2019இல் லினக்ஸின் ஃபுளொப்பி ட்ரைவர் அநாதையாக, அதாவது பராமரிப்பாளர் இல்லாததாக, அறிவிக்கப்பட்டது. அதைக் கவனித்துவந்தவரிடம் இயங்கும் ஃபுளொப்பி வன்பொருள் இருக்கவில்லை. பின்னர் வேறொருவர் பொறுப்பேற்றதால் அது உயிர்தப்பியது. நம்மிடமோ இயங்கும் பழைய கருவிகள் நிறையவே இருக்கின்றன. மொறட்டுவை, கொழும்புப் பல்கலைக்கழகங்களின் கணனித்துறை மாணவர்கள் இவற்றைப் புதிய கேர்னல்களில் சோதித்து, கண்ட பிழைகளை உரியவர்களுக்கு அறிவிப்பதை ஒரு செயற்றிட்டமாகவே ஏற்கலாம்.

2022இல் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, மாற்றுக் கருவி வாங்க முடியாமல் தவித்த நிறுவனங்களை நாம் கண்டோம். எனவே அரச திணைக்களங்களும் வைத்தியசாலைகளும் கருவிகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, ட்ரைவரின் மூலநிரலையோ, குறைந்தபட்சம் அதை எழுதத் தேவையான வன்பொருள் விபரங்களையோ விற்பவர் கையளிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ஏற்கனவே பாவனையிலுள்ள பழைய கருவிகளை, ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு இணையத்தில் விட்டுவைக்காமல், தனிக் கணனியில் பிரித்து இயக்குவதும் அவசியம்.

கணனிப் பராமரிப்பாளர்,
கொழும்பு 13.