இல்லாத காலுக்கு மாத்திரை

அம்பாசமுத்திரம்

அன்பு மகனுக்கு,

வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைகளை அப்பாவுக்கு ஏன் எழுதிக் கொடுத்தார்கள் என்று நேற்று போனில் அம்மாவிடம் சத்தம் போட்டாய். அவள் போனை என்னிடம் நீட்டுவதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இடது காலை எடுத்து நான்கு மாதமாகிறது. புண் ஆறிவிட்டது. வலிப்பது மிஞ்சிய கட்டை அல்ல, இல்லாத பாதம். பிசான நடவுக்கு வயலில் இறங்கினால் விரலிடுக்கில் சேறு பிதுங்குமே, அப்படித் தொடங்கி, பெருவிரலைக் குறடால் திருகுவதுபோல முடியும். எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களிடம் இதைக் கண்ட சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் 1871இலேயே இதற்கு 'ஆவி உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்.

அறுபட்ட நரம்பு நுனி கண்டபடி சேதி அனுப்ப, மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் இன்னும் அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. நரம்பின் மிகையான துடிப்பை அடக்குவதால்தான் காபாபென்டின் வலிப்புக்கும் ஆகிறது, இதற்கும் ஆகிறது. அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சர்க்கரைக்காரனான எனக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்த்த பிறகே 300 மில்லிகிராமில் தொடங்கினார்கள். அமிட்ரிப்டிலின் வெறும் 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்குத் தருவது இதைவிடப் பல மடங்கு. எல்லாருக்கும் கேட்கும் மருந்து இதற்கு இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மார்பின் என்ற அபின் வகை வலிமருந்து சிலருக்குக் கேட்டாலும், மலச்சிக்கலும் பழகிப்போகும் பயமும் உண்டென்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

தொந்தரவு இல்லாமலில்லை. வாய் பனையோலையாகக் காய்கிறது. போன வாரம் தூக்கக் கலக்கத்தில், கால் இருக்கிற நினைப்பிலேயே இடப்பக்கம் ஊன்றி எழுந்து கட்டிலோடு சாய்ந்தேன்; அன்றிலிருந்து அம்மா வாக்கரைத் தலைமாட்டிலேயே வைக்கிறாள். பயந்துபோய் நானாக மூன்று நாள் மாத்திரைகளை நிறுத்தினேன். வியர்வையும் படபடப்புமாக, பொட்டுத் தூக்கமில்லை. குறைப்பதானாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சென்னை ஸ்டான்லியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் கண்டுபிடித்த கண்ணாடிப் பயிற்சியையும் செய்கிறேன். பீரோக் கதவைத் திறந்து, கட்டையை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வலது பாதத்தை அசைத்தால், கண்ணாடியில் இடது பாதம் விரல் விரிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் குறடு தளர்கிறது.

அங்கிருந்து வேறு மாத்திரை எதுவும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, முதலில் அம்மாவிடம் தணிவாகப் பேசு. ஒன்பது மணி மாத்திரையைப் போட்டு அரை மணியாகிறது, எழுத்து கோணத் தொடங்கிவிட்டது.

அப்பா