ஷாங்காயில் முதல் நாற்பத்தைந்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைகள் பற்றிய சிறப்புப் பக்கத்தில் ஷாங்காயைச் 'சம்பளத்தை விழுங்கும் நகரம்' என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டு ஊழியருக்குச் செலவு மிகுந்த நகரங்கள் எவை என்று வரிசைப்படுத்தும் மெர்சர் நிறுவனத்தின் 2021 பட்டியலில் அந்நகரம் உலகிலேயே 6-ஆவது இடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் அயலக அதிகாரிகளுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று முடிவு செய்வதற்காகப் போடப்படும் பட்டியல் அது. கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாதம் 25,000, 30,000 யுவான் சம்பளத்துக்குப் போகும் பொறியாளருக்கு அதனால் பயனில்லை. அவர் திணறுவது காய்கறி விலையிலோ பயணச் செலவிலோ அல்ல. முதல் சம்பளம் வருமுன் பெருந்தொகை வெளியே போய்விடுகிறது. ஊரில் பணம் இருந்தும் அதை அங்கே கட்ட வழி கிடைப்பதில்லை. இது கட்டுரையில் வராததால் எழுதுகிறேன்.

ஷாங்காயில் வீடு எடுக்கும் வழக்கத்தை 'யா யி ஃபூ சான்' என்பார்கள். ஒரு மாத வாடகை முன்பணம், அதோடு மூன்று மாத வாடகை ஒரே தவணையில். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்காரருக்கு இது சலுகையாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று மாதப் பணம் திரும்பாது. மூன்று மாதம் முடிந்ததும் அதே தொகையை மறுபடியும் வைக்க வேண்டும். மின்ஹாங், சோங்ஜியாங் போன்ற புறப்பகுதிகளில் 4,000 யுவானுக்குக்கூட ஓர் அறை வீடு அமையும். நகர நடுவிலுள்ள ஜிங்ஆன், சூஹுய் பக்கம் 7,000-க்குக் கீழே நல்லது கிடைப்பது அரிது. நடுவில் 6,000 என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திடும் நாளில் 24,000. தரகருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகையில் 35 சதவீதம், அதாவது 2,100. வீடு தேடும் இரண்டு வாரத்துக்கு விடுதி, நாளுக்கு 300 வீதம் 4,200. மருத்துவப் பரிசோதனை, குடியிருப்பு அனுமதிக் கட்டணம், பாத்திரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 35,000 யுவானை நெருங்கும். யுவானுக்கு 12 ரூபாய் என்று கணக்கிட்டால் 4 லட்சத்துக்கு மேல். பல நிறுவனங்களில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10 அல்லது 15-ஆம் தேதிதான் வரும். மார்ச் 1-இல் இறங்கியவர் ஏப்ரல் நடுவரை கைப்பணத்தில்தான் ஓட்ட வேண்டும்.

கைப்பணம் இருந்தாலும் கட்டுவது எப்படி? 2023 முதல் அலிபே, வீசாட் பே என்ற கைபேசிப் பணச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இணைக்கலாம். 200 யுவான் வரையிலான பில்லுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. தாண்டினால் 3 சதவீதம். நம் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். கடைக்கும் மெட்ரோவுக்கும் இந்த ஏற்பாடு போதும். ஆனால் வெளிநாட்டு கார்டை மட்டும் இணைத்த கணக்கிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்ப இயலாது, வீட்டுக்காரர் தனிநபர். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரொக்கமாகக் கொண்டுபோகலாம் என்றால், இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கிடைக்கும். அது ஏறத்தாழ 21,000 யுவான். மேலே சொன்ன வாடகை, முன்பணம், தரகு மூன்றும் சேர்ந்த 26,100-க்கே போதாது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றி ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டும். அங்கும் ஒரு தடவைக்கும் ஒரு நாளைக்கும் வரம்பு உண்டு என்பதால் பல தடவையாகப் பிரித்துத்தான் எடுக்க முடியும். ஆகவே வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே, முதல் தவணை வாடகையையும் முன்பணத்தையும் நிறுவனமே வீட்டுக்காரருக்கு நேரடியாக அனுப்பிவிட்டு ஆறு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி எழுதி வாங்குவது நல்லது. கேட்டால் செய்யும் நிறுவனங்கள் உண்டு. நம்மவர்கள் கேட்பதில்லை.

உள்ளூர் வங்கிக் கணக்குக்கு நம் பெயரே தடையாகிவிடுவதுண்டு. இனிஷியலை விரித்ததில் சிலருக்குக் கடவுச்சீட்டில் பெயர் மூன்று சொல்லாக இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். வங்கி எழுத்தர் எந்த வரிசையில், எங்கே இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்தாரோ, அதே மாதிரி எழுத்துக்கு எழுத்து அலிபேயிலும் வீசாட்டிலும் இருந்தால்தான் கார்டு இணையும். அதனால் கணக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அச்சான பெயரைப் பார்த்து, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: குடியிருப்பு அனுமதிக்காகக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் அது கையில் இருக்காது. அந்த நாட்களில் ரசீதைக் காட்டிக் கணக்குத் திறப்பது பெரும்பாலும் நடக்காது. சிம் கார்டை முதல் நாளே வாங்கிவிட்டு, கணக்கைக் கடவுச்சீட்டு கையில் இருக்கும்போதே திறந்துவிடப் பார்க்க வேண்டும்.

வாடகை குறைவு என்பதற்காக மட்டும் வீடு பிடிக்கக் கூடாது. விடுதிக்கு வெளியே தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்கிறது 2013-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். பதிவுக்கு வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் ஆவண நகலும் தேவைப்படும். 'அர் ஃபாங்துங்' எனப்படும் உள்வாடகைக்காரர் இவற்றைத் தரமாட்டார் அல்லது தர அவரிடம் இருக்காது. அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் குடியிருப்பு அனுமதியும் நகராது. விளம்பரத்தில் 60 சதுர மீட்டர் என்றால் அதில் மாடிப்படி, லிஃப்ட் பங்கும் சேர்த்தி. அடுக்குமாடிகளில் உள்ளே கிடைப்பது 45-ஐ ஒட்டித்தான். மலிவாக வரும் 'லாவ் கோங்ஃபாங்' பழைய அரசுக் குடியிருப்புகள் பல ஆறு மாடி, லிஃப்ட் இல்லாதவை. ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சுக்கு மட்டும் மயங்கவே கூடாது. 2020 இறுதியில் டான்கே என்ற குடியிருப்பு நிறுவனம் தள்ளாடியபோது, வாடகையை முன்கூட்டிக் கொடுத்திருந்தவர்களே பல நகரங்களில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிலருக்கு அந்த வாடகைக்காக வாங்கிய கடனும் தலையில் நின்றது.

அடுத்து வரி. கட்டுரையில் 'வரி போகக் கைக்கு இவ்வளவு' என்று ஒரே மாதத் தொகையைக் கொடுத்திருந்தீர்கள். அது தவறான நம்பிக்கையைத் தரும். சீனாவில் 183 நாள் தங்குபவருக்கு ஜனவரியிலிருந்து வந்த மொத்த வருமானம் கூடக்கூட வரி விகிதத்தையும் கூட்டிப் பிடிக்கிறார்கள். 30,000 சம்பளத்தில் மாதக் கழிவு 5,000 போக, சமூகக் காப்பீட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஜனவரியில் வரி 750 யுவான்தான். பிப்ரவரியில் 1,730. மார்ச் முதல் மே வரை மாதம் 2,500. ஜூனில் 3,100. ஜூலையிலிருந்து மாதம் 5,000. ஜனவரிச் சம்பளத்தைப் பார்த்து வீடு எடுத்தவர் ஆடி மாதத்தில் விழிப்பார். ஆண்டு முழுதும் கூட்டினால் 43,080.

இதைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு ஊழியருக்கு நிறுவனம் தரும் வீட்டு வாடகை, பிள்ளைகளின் கல்வி, மொழிப் பயிற்சி ஆகிய படிகளுக்கு 2027 இறுதிவரை வரி கிடையாது. அதே 30,000-இல் 8,000-ஐ வாடகைப் படியாகப் பிரித்து எழுதினால் வரி 23,880-ஆக இறங்கும். மிச்சம் 19,200 யுவான். நிபந்தனை: வீட்டுக்காரரிடமிருந்து 'ஃபாபியாவ்' எனப்படும் அதிகாரபூர்வ வரி ரசீது வேண்டும். அதைக் கொடுத்தால் அவர் வரி கட்ட நேரும் என்பதால் பலர் தயங்குவார்கள், அல்லது வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். வாடகை பேசும்போதே, ரசீதோடு எவ்வளவு என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். குடிபோன பிறகு கேட்டால் கிடைக்காது.

குளிர்காலத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெய்ஜிங்கில் குழாய் வழியே ஊருக்கே பொதுச் சூடேற்றம் வருகிறது. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஷாங்காயில் அது கிடையாது. பழைய வீடுகளின் சுவரும் ஜன்னலும் சூட்டை நிறுத்தாது. ஏசியைச் சூடாக்கும் நிலைக்கு மாற்றி வைத்துத்தான் குளிர் காய வேண்டும். முதல் படிநிலையில் மின்சாரம் யூனிட் 0.617 யுவான், நேரவாரி மீட்டர் உள்ள வீட்டில் இரவு 10 முதல் காலை 6 வரை 0.307. ஒரு கிலோவாட் இழுக்கும் ஏசி பகலில் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5 யுவான், மாதம் 150. இரண்டு அறைக்கு 300. முதல் படிநிலை ஆண்டுக்கு 3,120 யூனிட் வரைதான். அது மீட்டர் கணக்குக்கு உரியது. முன்பு குடியிருந்தவர் அதைத் தீர்த்துவிட்டிருந்தால் இலையுதிர் காலத்தில் வருபவருக்கு மேல்நிலை விலையே விழும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் காட்டும் யூனிட் அளவைத் தேதியோடு படம் பிடிப்பது அதற்காகத்தான். முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளிலும் அது உதவும்.

சாப்பாட்டுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டாம். சந்தையில் எழுதியிருக்கும் விலை 'ஜின்' கணக்கு, அதாவது அரைக் கிலோ. இது தெரியாமல் பாதி விலை என்று மகிழ்பவர்கள் உண்டு. இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, பாசிப்பயறு, வேர்க்கடலை, எள் எல்லாம் தாராளம். துவரையும் உளுந்தும் கறிவேப்பிலையும்தான் எளிதில் கிடைக்காது. இணையத்தில் வாங்கலாம், கூரியருடன் விலை ஏறும். எளிய கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 15 முதல் 20 யுவான். சைவர்கள் காய்கறி என்று கேட்டாலும் பன்றிக் கொழுப்போ கோழிச் சாறோ சேர்ந்திருக்கும். 'வோ சி சூ' (நான் சைவம்) என்று சொல்லிவிட்டு அவை இரண்டும் வேண்டாம் என்று தனியே எழுதிக் காட்ட வேண்டும். மெட்ரோ 6 கிலோமீட்டர் வரை 3 யுவான். காய்ச்சலுக்குப் பொது மருத்துவமனையின் சாதாரணப் பிரிவு மலிவு. வெளிநாட்டவருக்கான தனியார் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதற்கே ஆயிரம் யுவானைத் தாண்டலாம்.

குழந்தையோடு போகிறவரின் கணக்கு முற்றிலும் வேறு. பெரிய சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக்கட்டணம் 2 லட்சம் யுவானில் தொடங்கி 3 லட்சத்தையும் தாண்டுகிறது. 30,000 சம்பளக்காரரின் ஓராண்டு வருமானமே 3 லட்சத்து 60 ஆயிரம். பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் நேரடியாகக் கட்டாவிட்டால் பள்ளி வயதுப் பிள்ளையுடன் அந்த வேலையை ஏற்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

சேமித்ததை ஊருக்கு அனுப்ப வேலை ஒப்பந்தம், பணி அனுமதி, வரி கட்டியதற்கான சான்று மூன்றையும் வங்கி கேட்கும். வேலையை விடுபவர்கள் பணி அனுமதியை ரத்து செய்யும் முன்பே வரிச் சான்றை வாங்கிப் பணத்தை அனுப்பிவிட வேண்டும். முன்பணம் மட்டும் வீட்டைக் காலி செய்த பிறகுதான் வரும் என்பதால், அதற்காகக் கணக்கையும் கைபேசி எண்ணையும் கடைசி நாள்வரை மூடாமல் வைத்திருப்பது அவசியம்.

இப்படிக்கு,
வாசகர்,
மின்ஹாங், ஷாங்காய்