சிறுகோள் செய்தியில் சதவீதம் ஏறுவதும் இறங்குவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமியை நெருங்கும் சிறுகோள்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றில் மோதல் வாய்ப்பைக் குறிக்கும் சதவீதம் எந்த விளக்கமும் இல்லாமல் அச்சாவதால், வாசகர்கள் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள் அல்லது அடுத்த முறை நம்ப மறுக்கிறார்கள். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளை முன்வைத்து இதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அது ஏறத்தாழ 8 லட்சத்து 29 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் பூமியைக் கடந்துவிட்டிருந்தது. ஆகவே கண்ணில் பட்ட நாள் முதலே அது நம்மைவிட்டு விலகி மங்கிக்கொண்டிருந்தது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியதும், சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு 2025 ஜனவரி 29 அன்று முறைப்படி அறிவிப்பு வெளியிட்டது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கில் அது 3.1 சதவீதத்தைத் தொட்டது. அதே பருமனோ அதைவிடப் பெரிய பருமனோ உள்ள எந்தச் சிறுகோளுக்கும் நாசா இவ்வளவு உயர்ந்த வாய்ப்பை அதற்கு முன் பதிவு செய்ததில்லை. ஆறே நாளில், பிப்ரவரி 24 அன்று, அது 0.004 சதவீதமாகச் சரிந்தது. ஏறியபோது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்த செய்தி, இறங்கியபோது உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது; சில இதழ்களில் அதுவும் வரவில்லை.

"விஞ்ஞானிகள் முதலில் பயமுறுத்தினார்கள், பிறகு பின்வாங்கினார்கள்" என்று படித்தவர்களே பேசக் கேட்டேன். உண்மையில் அந்த ஏறத்தாழ நான்கு வாரத்தில் சிறுகோளின் பாதை சிறிதும் மாறவில்லை. மாறியதெல்லாம் அந்தப் பாதையைப் பற்றி நமக்கிருந்த அறிவுதான். சில நாள் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய இடத்தைக் கணிக்கும்போது, விடை ஒரு புள்ளியாக வராது; பல லட்சம் கிலோமீட்டர் நீளும் ஒரு கோடாகவே வரும். சிறுகோள் அந்தக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 12,742 கிலோமீட்டர் விட்டமுள்ள பூமி அந்தக் கோட்டின் ஒரு சிறு பகுதியை மறைத்து நிற்கிறது. அந்தப் பகுதியின் பங்குதான் நாம் படிக்கும் சதவீதம். புதிய அளவீடுகள் வரவரக் கோடு சுருங்குகிறது. கோடு பாதியாகச் சுருங்கியும் பூமி அதற்குள்ளேயே இருந்தால் சதவீதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கோட்டின் முனை பூமியைத் தாண்டி நகர்ந்துவிட்டாலோ சதவீதம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

புயல் எச்சரிக்கையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. வங்கக் கடலில் உருவான புயல் நாகப்பட்டினத்துக்கும் நெல்லூருக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று முதல் நாள் சொல்வார்கள். மறுநாள் கடலூருக்கும் சென்னைக்கும் இடையே என்று அது சுருங்கும்போது, புயல் திசை திரும்பாமலேயே புதுச்சேரிக்கான ஆபத்து கூடிவிடுகிறது. பட்டை இன்னும் சுருங்கி மாமல்லபுரத்துக்கு வடக்கே போய்விட்டால் புதுச்சேரி முழுவதுமாகத் தப்பிவிடுகிறது. ஆகவே, மோதப்போகாத ஒரு சிறுகோளுக்கும் சதவீதம் முதலில் ஏறிப் பிறகுதான் விழும் என்பது வானியலாளர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்தது. 3.1 சதவீதம் வந்த நாளிலேயே இந்த ஒரு வரியை அச்சிட்டிருக்கலாம்.

அந்த நாள்களில், மோதல் நிகழக்கூடிய பட்டை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீள்வதாகக் கணித்திருந்தார்கள். எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி ஒன்றில் மற்ற நாடுகளெல்லாம் காணாமல்போய், "இந்தியாவைத் தாக்கும்" என்பது மட்டும் சிவப்பு எழுத்தில் மிஞ்சியிருந்தது.

சதவீதத்தைப் போலவே அளவையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒய்ஆர்4-இன் விட்டம் 40 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம் என்றார்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் உண்டு: சாதாரணத் தொலைநோக்கிக்குத் தெரிவது சிறுகோள் திருப்பி அனுப்பும் சூரிய ஒளி மட்டுமே, கருமையான பெரிய பாறையும் வெளிறிய சிறிய பாறையும் ஒரே பிரகாசத்துடன் தெரியக்கூடும். பாறையிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் அளந்தால்தான் உண்மை அளவு பிடிபடும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2025 மார்ச் 26 அன்று அதைச் செய்து, விட்டம் ஏறத்தாழ 60 மீட்டர் என்று காட்டியது. இந்த எண்ணை வாசகர் உணர வேண்டுமானால், 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த பாறையைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்: அது வெறும் 20 மீட்டர், முழுதாகத் தரையில் மோதவே இல்லை, ஆனாலும் ஏறத்தாழ 1,500 பேர், பெரும்பாலும் உடைந்த சன்னல் கண்ணாடியால், காயமடைந்தார்கள். "விமானம் அளவு", "மைதானம் அளவு" என்று மட்டும் எழுதுவதால் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

இதே ஏற்ற இறக்கம் முன்பும் நிகழ்ந்திருக்கிறது. 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட அபோபிஸ் சிறுகோள் 2029இல் மோதும் வாய்ப்பு அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதத்தை எட்டியது. முந்தைய நாள்தான் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியிருந்தது. அந்த வாரம் இங்கே வானத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அபோபிஸ் இருப்பது தெரியவந்ததும் கோடு சுருங்கி, 2029 மோதல் இல்லையென்றாயிற்று.

இத்தகைய செய்திகள் இனிப் பெருகும். சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டபோது, சுமார் பத்து மணி நேரப் பார்வையிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் கண்டதாக அறிவித்தது. அவற்றுள் ஏழு பூமியின் சுற்றுப்பாதைக்கு அருகில் வருபவை. அவற்றில் எதனாலும் பூமிக்கு ஆபத்து இல்லை. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான்: சதவீதத்தை அச்சிடும்போது, எத்தனை நாள் பார்வையின் பேரில் அது கணக்கிடப்பட்டது, அடுத்து எப்போது அதைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்பதையும் அதே பத்தியில் சொல்லுங்கள்; எண் விழுந்த செய்தியை, ஏறிய செய்தி வந்த பக்கத்திலேயே போடுங்கள். விளக்கம் கேட்க வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களையே நம்ப வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து ஆர். ராஜமோகன் 1988இல் கண்டுபிடித்த சிறுகோள் இன்று கணித மேதை இராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூரில்தான் இருக்கிறது.

ஒரு தேதியை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம். அபோபிஸ் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலைகொண்டிருக்கும் உயரத்துக்கும் கீழே, கடந்துபோகவிருக்கிறது. இந்திய நேரப்படி அது 2029 ஏப்ரல் 14 அதிகாலை சுமார் மூன்றேகால் மணி, அதாவது தமிழ்ப் புத்தாண்டு வேளை. ராசிபலன்காரர்கள் இதைச் சும்மா விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2021இல் ரேடார் மூலம் அளந்த பிறகு, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அபோபிஸால் மோதல் இல்லை என்று நாசா உறுதி செய்திருக்கிறது. அந்த உறுதியையும் அது எப்படிக் கிடைத்தது என்பதையும் தங்கள் நாளிதழ் முந்திக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வாணியம்பாடி.