ஒண்டுமில்ல எண்டு எழுதின உனக்கு

மச்சான்,

உன்ட மெயில் வந்து பதினொரு நாளாச்சு, உடன பதில் போடேல்ல எண்டு கோவிக்காத. நாலு தரம் எழுதத் தொடங்கி நாலு தரமும் அழிச்சுப்போட்டன், ஏனெண்டா எழுதினதெல்லாம் சேர்ச் வாசல்ல கை குடுக்கிற ஆக்கள் சொல்லுற மாதிரியே வந்துது. கர்த்தர் கைவிடமாட்டார், எல்லாம் நன்மைக்குத்தான், அப்பிடி. அதெல்லாம் அங்க கனடாவில, ஸ்காபரோவிலயே உனக்கு நிறையப்பேர் சொல்லி முடிச்சிட்டாங்க எண்டு நீயே எழுதியிருக்கிறாய். அதால முதல்ல ஊர்ப்புதினம், பிறகு மற்றது.

இங்க திருகோணமலையில மாரி தொடங்கிட்டு. கடல் கறுத்துப்போய்க் கிடக்கு, சின்ன போட்டெல்லாம் கரையில ஏத்தியாச்சு, திருக்கடலூர்ப் பக்கம் போனா கவுத்து வச்ச ஒவ்வொரு போட்டுக்குக் கீழயும் ஒரு நாய் குடியிருக்கு. மானுகளும் வழக்கம்போல கோட்டையால இறங்கி டவுனுக்க திரியுது, போன கிழமை ஒண்டு எங்கட படலையைத் தள்ளிக்கொண்டு வந்து மனுசி வச்சிருந்த செவ்வரத்தையை மொட்டையடிச்சிட்டு, துரத்தப்போன மனுசியையே முறைச்சுப் பார்த்துதாம். மகள் கம்பஸ் முடிச்சு கொழும்பில வேலை தேடுறாள். எனக்கு முழங்கால் ஏலாது, மற்றபடி வேலை இருக்கு, மாரிக்குத்தானே எல்லாரும் போட் என்ஜினைத் திருத்தக் கழட்டிக்கொண்டு வருவாங்க.

இனி உன்ட விசயத்துக்கு வாறன்.

"வேற எழுத ஒண்டுமில்ல மச்சான், வேலையும் இல்ல, ஜெபம் பண்ண வாயும் வருதில்ல, ஆண்டவருக்கும் என்னில அலுத்திருக்கும்" எண்டு கடைசியில எழுதியிருந்தாய். அதை நான் மனுசிக்கு வாசிச்சுக் காட்டேல்ல. நான் மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சன். இதே கதையை நான் 2022ல சொல்லியிருக்கிறன் மச்சான், ஆருக்கும் இல்ல, சுவருக்கு.

உனக்கு அப்ப நான் சரியாச் சொல்லேல்ல, போன்ல "கஷ்டம்தான், சமாளிக்கிறம்" எண்டு முடிச்சிடுவன். நடந்தது என்னெண்டா அந்த வருசம் மண்ணெண்ணெய் இல்லாமப் போச்சு. எங்கட சின்ன போட் என்ஜின் பெற்றோல்ல ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில ஓடுறது, ரெண்டும் இல்ல, விடிய மூண்டு மணிக்குக் கானைத் தூக்கிக்கொண்டு போய் லைன்ல நிண்டு பின்னேரம் வெறுங்கானோட வாறது. போட் ஓடாட்டி என்ஜின் பழுதாகாது, என்ஜின் பழுதாகாட்டி எனக்கென்ன வேலை. ஓகஸ்ட்ல விலையைக் கூட்டினாங்க, 87 ரூபா வித்த லீட்டர் ஒரேயடியா 340. ஒருக்காக் கடலுக்குப் போய்வாற செலவுக்கே மீன் காணாது எண்டு கன பேர் இறங்கேல்ல. எனக்குத் தரவேண்டியவன் தரேல்ல, நான் குடுக்கவேண்டியவன் வாசல்ல வந்து நிண்டான், அவனைப் பிழை சொல்லேலாது, அவனுக்கும் பிள்ளைகள். மனுசிட சங்கிலி அடகுக்குப் போச்சு.

ஆனா என்னை விழுத்தினது காசில்ல. ஒரு நாள் விடிய எழும்பிக் கட்டில்ல இருந்தன், காலை நிலத்தில வைக்கேலாமப் போச்சு. காலுக்கு ஒரு வருத்தமும் இல்ல, எதுக்கு வைக்கோணும் எண்டு தெரியேல்ல, அவ்வளவுதான். திரும்பிப் படுத்தன். அப்பிடியே ரெண்டு மாசம் கிட்டப் போச்சு. வேதப்புத்தகம் தலைமாட்டில தூசி பிடிச்சுக் கிடந்துது, திறக்கப் பயமா இருந்துது எண்டு சொன்னா நம்புவியா, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஆரோ என்னைப் பேசுற மாதிரி.

பார்க்க வந்த ஆக்களைப் பற்றி எழுதினா கடிதம் முடியாது. ஒராள் விசுவாசம் குறைஞ்சிட்டு எண்டார், ஒராள் உபவாசம் இருக்கச் சொன்னார், இன்னொராள் மறைச்சு வச்ச பாவம் ஏதும் இருக்கோ எண்டு யோசிக்கச் சொன்னார். வேதத்தில எல்லாத்தையும் இழந்த யோபுட சிநேகிதர் ஏழு நாள் ராப்பகலா வாயே திறக்காம அந்தாளோட நிலத்தில இருந்தாங்க, அவங்க செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், வாயைத் திறந்தாப் பிறகுதான் பிழைச்சது. எனக்கு வாய்ச்சவங்க ஏழு நிமிசம் பொறுக்கேல்ல.

என்னைத் தூக்கினது ஆரெண்டா, ஒண்டு பக்கத்து வீட்டு அக்கா. அவ கோணேசர் கோயிலுக்குப் போற ஆள். ஒவ்வொரு பின்னேரமும் ரொட்டியும் சம்பலும் மூடிக்கொண்டு வந்து குசினி மேசையில வச்சிட்டு ஒரு கதையும் கேக்காமப் போவா. அப்ப மா விக்கிற விலைக்கு அவட வீட்டில எத்தினை ரொட்டி குறைஞ்சுதோ தெரியா. பெற்றோல் இல்லாம சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்த ஒரு பழைய போதகர் ஐயா மற்றது. ரிட்டயர் ஆகிக் கன காலம். வந்து கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் பேசேல்ல. பிறகு "ஜெபம் பண்ணுறீரா" எண்டார். "இல்ல ஐயா, சொல்ல ஒண்டுமில்ல" எண்டன். எனக்கு இப்ப பேச்சு விழப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறன், மனுசன் "அப்ப அதையே சொல்லும்" எண்டிட்டு 88ம் சங்கீதத்தை எடுத்து வாசிச்சார்.

அதை ஒருக்கா எடுத்துப் பார் மச்சான். சின்னனில ஞாயிறு பள்ளியில நாங்க 23ஐயும் 121ஐயும் பாடமாக்கினம், இதை ஒருத்தரும் தரேல்ல. மற்றச் சங்கீதங்கள்ல அனேகமா எவ்வளவு அழுதாலும் கடைசியில எங்கயோ ஒரு வரி நிமிர்ந்திடும், இதில அது இல்ல. குழி, பாதாளம், இருள் எண்டு போய், சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கிட்டீர் எண்டு சொல்லி அப்பிடியே முடிஞ்சிடும். ஒரு ஆமென் இல்ல, ஒரு அல்லேலூயா இல்ல. எனக்கு அது கேட்க என்ன மாதிரி இருந்துது தெரியுமா, ஒருத்தன் இப்பிடிக் கத்தியிருக்கிறான், அதை வெட்டி எறியாம வேதத்துக்கயே வச்சிருக்கிறாங்க, அப்ப என்ட "ஒண்டுமில்ல"வுக்கும் உள்ள இடமிருக்கு எண்டு. அண்டைக்கு அழுதன். ரெண்டு மாசத்துக்குப் பிறகு அப்பத்தான் அழுகை வந்துது.

பிறகு ஐயா கேட்டார், யோவான் சுவிசேஷம் 21ம் அதிகாரத்தில பேதுரு என்ன வேலைக்குப் போனவன் எண்டு. நான் படுத்துக்கொண்டே "மீன்பிடிக்க" எண்டன், வேறென்ன சொல்லுறது, கரையில பிறந்தவனிட்டக் கேக்கிற கேள்வியே. ஆனா அந்தக் கதையை நான் அதுக்கு முதல் அப்பிடி யோசிச்சதே இல்ல. பேதுரு இயேசுவைத் தெரியாது எண்டு மூண்டு தரம் மறுதலிச்சிட்டு வந்தவன். உயிர்த்தெழுந்தவரை ரெண்டு தரம் கண்டும் மனசு சரியில்லாம "நான் மீன்பிடிக்கப் போறன்" எண்டு பழைய வள்ளத்துக்கே போறான், மற்ற ஆறு பேரும் பின்னால போறாங்க. ராமுழுக்க ஒரு கெளுத்தி கூட இல்ல. நீயும் நானும் டச்சுக்குடாவில கரைவலை இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறம்தானே, வலை இழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடிப் பாடி ரெண்டு மணித்தியாலம் இழுத்து, மடி கரைக்கு வந்தா அதுக்க சொறிமுட்டையும் பொலித்தீனும் கிடந்தா அந்தாக்கள்ட முகம் எப்பிடி இருக்கும், ஒருத்தனை ஒருத்தன் பார்க்கமாட்டான். அந்த முகத்தோட வாறவங்களிட்டத்தான் கரையில நிண்டு இயேசு கேக்கிறார், பிள்ளைகளே சாப்பிட ஏதும் இருக்கோ எண்டு. ஒன்றுமில்லை எண்டு சொல்லுறாங்க. ஐயா அந்த இடத்தில நிப்பாட்டினார். "பாரும், அவங்க அண்டைக்குப் பண்ணின ஜெபம் முழுக்க அவ்வளவுதான்" எண்டார்.

பிறகு இயேசு சொல்லி வலது பக்கம் வலையைப் போட்டது, 153 மீன் பட்டது, அதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு மீனை விட அந்தக் கரிநெருப்புத்தான் மனசில நிண்டது. அவங்க கரைக்கு வரமுதலே மீனும் அப்பமும் அதில வெந்துகொண்டு இருக்கு. பேதுரு மறுதலிச்சதும் ஒரு கரிநெருப்பில குளிர் காய்ஞ்சுகொண்டுதான். ஏன் என்னைத் தெரியாது எண்டனீ எண்டு ஒரு கேள்வி இல்ல, வாங்கோ சாப்பிடுங்கோ எண்டுதான் தொடங்குது, என்னில அன்பாயிருக்கிறியோ எண்ட கேள்வி எல்லாம் வயிறு நிரம்பினாப் பிறகுதான். எலியா தீர்க்கதரிசிக்கும் அப்பிடித்தானே, சூரைச்செடிக்குக் கீழ படுத்துச் சாகோணும் எண்டவனுக்குத் தூதன் பிரசங்கம் வைக்கேல்ல, அடையும் தண்ணியும் வச்சான், தின்னிட்டுத் திரும்ப நித்திரை கொள்ளவும் விட்டான். (சின்னனில நான் சூரைச்செடி எண்டா சூரை மீனோட ஏதோ சம்பந்தம் எண்டு நினைச்சிருந்தனான், சிரிக்காத.) அக்காட ரொட்டி எங்கயிருந்து வந்துது எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு, அவவிட்டச் சொன்னா "உனக்கு விசர்" எண்டுவா.

உன்ட சேர்ச்சில ஆரும் மருந்து எடுக்கிறது விசுவாசக்குறைவு எண்டு சொன்னா அந்தக் காதால வாங்கி இந்தக் காதால விடு. என்னை டொக்டரிட்டப் போகச்சொன்னதே அந்தப் போதகர்தான். குளிசை ஆறேழு மாசம் போட்டன், பிரஷர் குளிசை போடுறதுக்கு ஆரும் பாவமன்னிப்புக் கேக்கிறதில்லையே. நீயும் போ, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன்.

ஒரு புதினம் கேள். எங்கட மெதடிஸ்த சபையைத் தொடங்கின ஜோன் வெஸ்லிக்கு 1738 மே 24 லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதிக் கூட்டத்தில மனசு அனலானது எண்டுதானே வருசா வருசம் சேர்ச்சில கொண்டாடுறம், அதே மனுசன் 1739 ஜனவரி 4ல நான் இப்ப கிறிஸ்தவனே இல்ல எண்டு நாட்குறிப்பில எழுதி வச்சிருக்கிறார், எட்டு மாசம் கூட ஆகேல்ல. இதை மனுசிக்குச் சொன்னன். அவ பாலையூற்றுக் கத்தோலிக்கப் பெட்டை, விடுவாளா, அன்னை தெரேசாட கடிதங்கள் 2007ல வெளிய வந்ததே, உள்ளுக்க இருட்டு எண்டு வருசக்கணக்கா எழுதின மனுசி ஏழையளைப் பார்க்கிறதை நிப்பாட்டினவவோ எண்டாள். இந்த ஒரு விசயத்தில மட்டும் எங்கட வீட்டில மெதடிஸ்தும் கத்தோலிக்கமும் ஒண்டு.

நான் எழும்பின விதம் ஒரு சாட்சி சொல்லுற அளவுக்கு இல்ல. திருக்கடலூர்ப் பெடியன் ஒருத்தன் காபரேட்டரைக் கழட்டி சொப்பிங் பேக்கில போட்டுக்கொண்டு வந்து "மாமா, படுத்துக்கொண்டே பாருங்கோ" எண்டான். படுத்துக்கொண்டு காபரேட்டர் பார்க்கேலுமே, எண்ணெய் மூஞ்சையில வடியும். எழும்பி இருந்தன். ஜெட் உப்புப் பிடிச்சு அடைச்சிருந்துது, மெல்லிய கம்பியால குத்தி ஊதினன். அண்டைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் அவன்ட சிநேகிதன் வந்தான். முழுக்க வெளிய வந்திட்டன் எண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன், மாரி தொடங்கினா இப்பவும் ரெண்டு மூண்டு விடியல் அந்தக் கட்டில்ல இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறனான். அப்ப "ஆண்டவரே, ஒண்டுமில்ல" எண்டுவன். பிறகு காலை வைக்கிறன்.

ஞாயிற்றுக்கிழமை இங்க இரவு ஏழரைக்கு எடுக்கிறன், உனக்கு அப்ப காலமை ஒன்பது. கதைக்கோணும் எண்டு இல்ல, போனை மேசையில வச்சிட்டுத் தேத்தண்ணி குடி, நானும் குடிக்கிறன். கரன்ட் மினுங்குது, போகமுதல் அனுப்பிப்போடோணும்.

கருவாட்டுக்கு வெயில் வரட்டும், தை கழிஞ்சாப் பிறகு பார்சல் போடுறன். பாரைதானே கேட்டனீ, இல்ல கட்டாவோ?

உன்ட பழைய வாங்குத் தோழன்